செத்தவீட்டுக்கு ஆள் வருகிற ஊர்

ஒரு ஊர் மறுபடி ஊராகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள நான் வீட்டுத்திட்ட வீடுகளையோ காப்பெற் வீதியையோ பார்ப்பதில்லை, செத்தவீட்டைத்தான் பார்ப்பேன். ஒருவர் மோசம் போய்விட்டால் எவ்வளவு நேரத்துக்குள் முற்றத்தில் தறப்பாள் ஏறுகிறது, கதிரை எங்கிருந்து வருகிறது, முதல் தேத்தண்ணி யார் வீட்டு அடுப்பிலிருந்து வருகிறது, இரவு யார் யார் தங்குகிறார்கள், மூன்றாம் நாளும் ஆள் வருகிறதா. இவ்வளவும் தெரிந்தால் அந்த இடத்தில் சனம் ஒருவரை ஒருவர் தாங்குகிறதா, இல்லை பக்கத்துப் பக்கத்து வளவுகளில் வெறுமனே குடியிருக்கிறதா என்று சொல்லிவிடலாம்.

மனவடு என்கிற மனக்காயம், அதை ஆற்றுப்படுத்தல், வன்முறைத் தடுப்பு என்றெல்லாம் எழுத வந்தவள் ஏன் சாவில் தொடங்குகிறாள் என்று கேட்பீர்கள். இலங்கையின் வடக்கில் யுத்தம் கடைசியாக நடந்து முடிந்த வன்னியில் நான் பார்த்த அளவில் இந்த மூன்றும் அங்கேதான் சந்திக்கின்றன. செத்தவீட்டுக்குப் போகிற உரிமை உள்ள ஆள்தான், பக்கத்து வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டாலும் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போகக்கூடிய ஆள். அந்த உரிமை இல்லாத இடத்தில் எத்தனை பயிற்சிப்பட்டறை வைத்தாலும் சத்தம் சத்தமாகவே இருக்கும், படலை பூட்டியே கிடக்கும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லாம் அனுபவித்தவள் எழுதுகிறாள் என்று நினைத்துவிடுவீர்கள். நான் யாழ்ப்பாணத்துக்காரி. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு ஆமி நெருங்கி வர யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியே எழுந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது அந்தக் கூட்டத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த சிறுமிகளில் ஒருத்தி. 2009இல் யுத்தத்தின் கடைசி மாதங்களில் நான் வன்னியில் இருக்கவில்லை. மீள்குடியேற்றம் தொடங்கிய பிறகுதான் ஒரு நிறுவனத்தின் வெளிக்கள உத்தியோகத்தராகக் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போனேன். கையில் படிவம், தோளில் பை, பையில் பிஸ்கட் பக்கற். படிவத்தில் 'கடந்த இரண்டு வாரங்களில் நித்திரைக் குழப்பம் இருந்ததா' என்கிற வகைக் கேள்விகள்.

சரி, செத்தவீட்டுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு சாவு நடந்தால் அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். மூட்டவும் விடமாட்டார்கள். அயல்தான் சமைத்துக் கொண்டுவரும். பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வட்டமாக இருந்து ஒப்பாரி சொல்லுவார்கள், சொல்லுகிறவளுக்குச் செத்தவர் மேல் பெரிய பாசம் இருந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒருத்தி தொடங்குவாள், மற்றவள் தன் வீட்டுச் சாவை அதற்குள் கொண்டுவந்து சேர்ப்பாள், பத்து வருசத்துக்கு முந்தின துக்கமெல்லாம் அன்றைக்கு வெளியே வரும். வெளியே ஆண்கள் பந்தலுக்குள் இருந்து அரசியல் கதைப்பார்கள், காட்ஸ் விளையாடுவார்கள், வெத்திலை போடுவார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்ததுண்டு. இப்போது யோசித்தால் இரவு முழுக்க முழித்திருக்க அவர்களுக்கு வேறு என்ன வழி? சுண்ணம் இடிக்கும்போது திருப்பொற்சுண்ணம் பாடுவார்கள். பிறகு சுடலை, காடாத்து, எட்டு, 31ஆம் நாள் அந்தியேட்டி, சாம்பலைக் கீரிமலையிலோ பக்கத்துக் கடலிலோ கரைப்பது, வந்தவர்களுக்குச் செத்தவரின் நினைவாக அச்சடித்த கல்வெட்டுப் புத்தகம் கொடுப்பது, வருசம் முடிய ஆட்டத்திவசம். இவ்வளவு நாளிலும் யாரும் அந்த வீட்டு மனிசியைப் பார்த்து 'உங்களுக்கு எப்படி இருக்கிறது' என்று கேட்கமாட்டார்கள். ஆனால் ஒரு மாதத்துக்கு அவளைத் தனியே விடவும் மாட்டார்கள்.

இதில் அழகு மட்டும்தான் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. யார் பறை அடிக்க வேண்டும், யார் வெள்ளை கட்ட வேண்டும், யாரை எந்தச் சுடலையில் எரிக்கலாம், எல்லாவற்றிலும் சாதி உட்கார்ந்திருக்கிறது. யாழ்ப்பாணத்து ஊர் என்பது சிலரைத் தாங்குவதற்காகச் சிலரை மிதித்து நின்ற ஊரும்தான்.

2009இல் முள்ளிவாய்க்காலில் இந்த ஒழுங்கு ஒன்றுமே நடக்கவில்லை. நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையில் ஒடுங்கிய மணல் துண்டு ஒன்றில், செல் விழுந்துகொண்டிருக்க, செத்தவரைப் பங்கருக்குள்ளேயே விட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடினார்கள். சிலர் மூடவும் இல்லை. அதற்குப் பிறகு ஏறக்குறைய 3 லட்சம் பேர் முகாம்களில், பெரும்பாலானோர் செட்டிகுளம் மெனிக் பாமில், முட்கம்பிக்குள். அந்த முகாம் முழுதாக மூடப்பட 2012 செப்டெம்பர் ஆனது. அங்கிருந்து வந்தவர்கள் பற்றை மூடிக் கிடந்த தங்கள் காணிகளில் தறப்பாள் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தபோதுதான் நாங்கள் படிவத்தோடு போனோம்.

ஒரு அம்மாச்சி நினைவுக்கு வருகிறார். கணவரும் ஒரு மகனும் மே மாத நடுப்பகுதியில் போனவர்கள். நான் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போக, அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, சத்தம் கேட்டால் நெஞ்சு பதறும். எல்லாவற்றிலும் 'ஆம்' என்று நான் புள்ளடி போட்டேன். முடிவில் சொன்னார்: "பிள்ளை, நீ கேக்கிறதெல்லாம் சரி. ஆனா நான் இன்னும் அவருக்கு அழேல்லை. அழுறதுக்கு ஒரு செத்தவீடு நடக்கேல்லையே." படிவத்தில் அதை எழுதுவதற்கு இடம் இருக்கவில்லை. ஓரத்தில் எழுதி வைத்தேன், அலுவலகத்தில் கணினியில் ஏற்றியவர்கள் ஓரத்தைப் பார்க்கமாட்டார்கள்.

யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் பல வருசங்களாகச் சொல்லிவருவது இதைத்தான் என்று பின்னால் அவருடைய கட்டுரைகளை வாசித்தபோது விளங்கியது. யுத்தம் ஆளைத் தனியாக மட்டும் காயப்படுத்துவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது, நம்பிக்கை போகிறது, மௌனம் வருகிறது, யாரைப் பார்த்தாலும் சந்தேகம் வருகிறது, அதைக் கூட்டு மனவடு என்றே பார்க்க வேண்டும் என்பது அவருடைய வாதம். தனியாளின் நோயை எண்ணுவதற்குக் கணக்கு இருக்கிறது. 2009 ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை யாழ் மாவட்டத்தில் 1,517 வீடுகளில் எடுத்த ஆய்வில் பதற்றம் 32.6 சதவீதம், மனச்சோர்வு 22.2, நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய் (PTSD) 7 சதவீதம். அப்போதும் இடம்பெயர்ந்தே இருந்தவர்களை மட்டும் பார்த்தால் பதற்றம் 48.5, மனச்சோர்வு 41.8, மனவடு நோய் 13. தேவையான கணக்குத்தான், அதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு ஒழுங்கையில் உள்ள பன்னிரண்டு வீடும் ஒன்றையொன்று நம்பவில்லை என்பதை எந்தச் சதவீதத்தில் எழுதுவது?

நம்பாததற்குக் காரணம் இருந்தது. சி.ஐ.டி. வந்து விசாரித்துவிட்டுப் போன வீட்டுக்கு அடுத்த நாள் யாரும் போவதில்லை. முன்னாள் போராளிகளை வைத்திருந்த புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்த பெடியனோடு கதைத்தால் நம்மையும் கூப்பிடுவார்கள் என்ற பயம். யார் தகவல் கொடுக்கிறார்கள் என்று தெரியாது, எல்லாரும் கொடுக்கலாம் என்று தெரியும். நான்கு பேர் கூடினால் கேள்வி. வடக்கு அபிவிருத்திக்கென்று போட்ட ஜனாதிபதி செயலணியின் அனுமதி இல்லாமல் அப்போது எந்த நிறுவனமும் வேலை செய்ய முடியாதிருந்தது. கோழிக்கூடு, தையல் மெசின், கிணறு என்றால் அனுமதி கிடைத்தது, உளசமூகப் பணி என்று எழுதினால் கோப்பு இழுபட்டது. புலிகளின் போராளிகளைப் புதைத்த மாவீரர் துயிலுமில்லங்களை இடித்துத் தள்ளியிருந்தார்கள், யுத்தம் முடிந்த மே 18ஐ வெளிப்படையாக நினைவுகூர 2015 ஆட்சி மாற்றம் வரை முடியவில்லை. அழுவதற்கும் கூடுவதற்கும் தடை போட்டுவிட்டுத்தான், சனம் ஏன் குடிக்கிறது, ஏன் அடித்துக்கொள்கிறது என்று பிறகு கருத்தரங்கு வைத்தார்கள்.

அந்த அம்மாச்சியின் ஒழுங்கையில் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு நாளைப் பேசி வைத்துக்கொண்டு, கோவிலில் அன்னதானம் என்று சொல்லி, எல்லார் வீட்டு அரிசியையும் ஒன்றாகப் போட்டுச் சமைத்துப் படைத்தார்கள். ஐயர் வரவில்லை, கல்வெட்டு இல்லை, படமும் வைக்கவில்லை. படையலுக்குப் பிறகு ஒருத்தி தொடங்கினாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன், உள்ளே போகவில்லை, அது எனக்கான இடமில்லை. அன்றைக்குப் பிறகு அந்த ஒழுங்கையில் நடந்த மாற்றத்தை எப்படிச் சொல்வது, பெரிதாக ஒன்றும் இல்லை, ஒருத்தி வீட்டுப் பிள்ளையை மற்றவள் பள்ளிக்கூடத்துக்கு விட்டு வந்தாள், ஆஸ்பத்திரிக்குப் போகிறபோது துணைக்கு ஆள் போனது. அம்மாச்சிக்கு நித்திரைக் குளிசையும் வேண்டியிருந்தது, அதையும் சொல்ல வேண்டும். அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அந்த ஒழுங்கைப் பெண்களில் ஒருத்திதான், நானல்ல.

முள்ளிவாய்க்கால் கஞ்சியையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். அரிசியும் உப்பும் தண்ணீரும், அந்தக் கடைசி நாட்களில் சனம் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தது. இப்போது ஒவ்வொரு மே மாதமும் சந்தியில் கிடாரம் வைத்துக் காய்ச்சித் தெருவால் போகிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள். வாங்கிக் குடிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளில் அநேகம் பேர் 2009க்குப் பிறகு பிறந்ததுகள். யாரும் விரிவுரை செய்யாமலே கதை கை மாறுகிறது. 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் இந்தக் கஞ்சி காய்ச்சியதற்காகப் பெண்களைக் கைதுசெய்தார்கள். ஒரு கிடாரம் கஞ்சிக்கு அரசாங்கம் ஏன் பயப்படுகிறது என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செத்தது தெரிந்தவர்களுக்கே இந்தப் பாடு என்றால், தெரியாதவர்களுக்கு? ஆமியிடம் கையளித்த மகன், பஸ்ஸில் ஏற்றிய கணவன், கூட்டிக்கொண்டு போன மருமகள். அந்தியேட்டி செய்தால் தானே கொன்றதாகிவிடும் என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். பொட்டை அழிப்பதா வைப்பதா, கலியாண வீட்டில் முன்னுக்கு நிற்கலாமா, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் வங்கிக் கணக்குக்கும் என்ன எழுதுவது என்று ஒவ்வொரு நாளும் முடிவெடுக்க வேண்டிய வாழ்க்கை. இவர்களிடம் போய் 'ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று பயிற்சி கொடுத்த உளவளத்துணையாளர்களை எனக்குத் தெரியும். நல்ல மனிதர்கள்தான். ஆனால் யார் கேட்க வேண்டிய கேள்வியை யார் தலையில் கட்டுகிறோம் என்று யோசிக்கவில்லை.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் இப்படிக் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கொட்டில் போட்டுப் போராட்டமாக உட்கார்ந்தார்கள். சில நாட்களில் வவுனியா, பிறகு முல்லைத்தீவு. காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இலேயே வந்துவிட்டது, ஆணையாளர்கள் 2018இல் நியமிக்கப்பட்டார்கள், தாய்மாருக்குப் பதில் மட்டும் வரவில்லை. அந்தக் கொட்டிலுக்கு நான் வேலையாகப் போகவில்லை, சும்மா போய் இருந்துவிட்டு வருவேன். அங்கே ஒரு தாய் தேத்தண்ணி போடுவார், ஒருவர் மருந்துப் பையைத் திறந்து மற்றவருக்குப் பிரஷர் குளிசை எடுத்துக் கொடுப்பார், புதிதாக வந்தவர் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முழுக்கதையையும் முதலிலிருந்து சொல்லுவார், மற்றவர்கள் நூறு தடவை கேட்ட கதைதான், இருந்தும் முதல் தடவை கேட்கிறமாதிரி "பிறகு?" என்பார்கள். உளவளத்துணை அறையில் நாங்கள் செய்ய முயன்ற வேலை அந்தத் தறப்பாளுக்குக் கீழே தன்பாட்டில் நடந்தது.

இதைச் சொல்லும்போது ஒரு பயமும் இருக்கிறது. பார்த்தீர்களா, அவர்கள் ஒருவரை ஒருவர் தேற்றிக்கொள்கிறார்கள், அதனால் நீதி மெல்ல வரலாம் என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள். அந்தத் தாய்மார் தேறுவதற்காக அங்கே உட்காரவில்லை. பிள்ளை எங்கே என்று கேட்க உட்கார்ந்தார்கள். கேட்டபடியே பலர் இறந்தும் போனார்கள். அவர்கள் செத்தவீட்டுக்கு மற்றத் தாய்மார் படங்களோடு போனார்கள்.

கிழக்கில் வேறு வழிகள் இருந்தன. மட்டக்களப்பில் 1990களில் ஆள் காணாமற் போனால், காவல் நிலையத்துக்கும் முகாமுக்கும் அலைந்துவிட்டு, சனம் அம்மன் சடங்குக்குப் போகும். தெய்வமாடுகிறவர் வாக்குச் சொல்லுவார், மகன் இருக்கிறானா இல்லையா, எந்தத் திசையில். பட்ரிசியா லோறன்ஸ் என்ற மானுடவியலாளர் அந்தக் காலத்தில் அங்கே தங்கியிருந்து இதைப் பதிவு செய்திருக்கிறார். வெளியே சொன்னால் உயிருக்கு ஆபத்தான விசயத்தை அம்மனிடம் உரக்கச் சொல்லலாம், ஊரே சுற்றி நின்று கேட்கும், ஆடுகிறவரின் உடம்பில் அந்தச் சித்திரவதையின் வலி தெரியும். மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடலாம், நானும் ஒரு காலத்தில் ஒதுக்கினேன்தான், ஆனால் அன்றைக்கு அந்தத் தாய் சொன்னதைக் கேட்க அரசாங்கத்தின் எந்தக் கதிரை தயாராக இருந்தது?

அதே மட்டக்களப்பில் 1996இல் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. போல் சற்குணநாயகம் அடிகளாரும் போல் ஹோகன் என்ற கனேடியக் கலைஞரும் சேர்ந்து செய்தது. தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளையும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளையும் கிழமைக்கு ஒரு நாள் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்து, மண், வர்ணம், கதை, கூத்து என்று மாதக்கணக்காக ஒன்றாக விளையாட விடுவார்கள். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் வெட்டிய காலம் அது, மறந்துவிட வேண்டாம். வன்முறைத் தடுப்பு என்ற சொல்லே அங்கே பலகையில் இருந்திருக்காது.

முஸ்லிம்கள் என்று வரும்போது வடக்கத்தியார் நாங்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் சில மணித்தியாலங்கள்தான் அவகாசம் என்கிற கணக்கில் வெளியேற்றினார்கள். ஏறக்குறைய 75,000 பேர். அன்றைக்கு எங்கள் ஊர்களில் எத்தனை பேர் வாசலுக்கு வந்து நின்றார்கள்? ஊர், ஊர் என்று நான் எழுதிக்கொண்டே போகும்போது அந்த ஊரிலிருந்து யாரைத் துரத்திவிட்டு மிச்சத்தை ஊர் என்கிறோம் என்பதும் கூடவே வர வேண்டும். அப்படித் துரத்தப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் மனவடு இருக்கிறது, அதில் எங்களுடைய கை இருக்கிறது.

இனி வீட்டுக்குள் வருவோம். யுத்தம் முடிந்தபிறகு நான் போன கிராமங்களில் பெண்கள் அதிகமாகப் பயந்தது ஆமிக்கு அடுத்தபடியாகக் கசிப்பு என்கிற கள்ளச் சாராயத்துக்கு. வடகிழக்குப் பிள்ளைகளிடம் எடுத்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு, யுத்தத்தின் அடி அதிகம் பட்ட குடும்பங்களிலும் தகப்பன் குடிக்கிற குடும்பங்களிலும் பிள்ளைகள் மேல் வன்முறை கூடுதலாக இருப்பதைக் காட்டியது. இன்னொரு ஆய்வில், தாய் தகப்பனின் அக்கறை கிடைக்கிற பிள்ளையை யுத்தத்தின் பாதிப்பு அவ்வளவு வாட்டவில்லை என்று வந்தது. ஆகவே தகப்பனைக் குடியிலிருந்தும் தாயை அடியிலிருந்தும் காப்பாற்றுவதுதான் பிள்ளைக்கான சிகிச்சை, தனியே பிள்ளையைக் கூப்பிட்டு வைத்துப் படம் கீறச் சொல்வது அதற்குப் பிறகு. நாடு முழுக்கவும் 2019இல் எடுத்த கணக்கெடுப்பில் துணையோடு வாழ்ந்த பெண்களில் 20.4 சதவீதம் பேர், ஐந்தில் ஒருத்தி, துணையின் கையால் உடல் ரீதியாகவோ பாலியல் ரீதியாகவோ வன்முறை கண்டிருக்கிறார்கள். யுத்தம் இல்லாத தெற்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், எல்லாப் பழியையும் யுத்தத்தில் போட்டுவிட்டு ஆண்கள் தப்பிவிடக் கூடாது.

ஒரு கிராமத்தில் மாதர் சங்கத்து அக்கா ஒருவர் இருந்தார். அப்பம் சுட்டு விற்கிறவர், படிப்பு அதிகமில்லை, எங்கள் பயிற்சிக்கு வந்தால் பாதியில் எழும்பிப் போய்விடுவார், மாவுக்கு நேரமாகிவிட்டது என்று. அவருடைய முறை இதுதான். ஒரு வீட்டில் சத்தம் கூடினால், அடி விழுவதற்கு முன்னமே, படலையைத் தள்ளிக்கொண்டு போய் "பிள்ளை, சுளகு ஒருக்காத் தாறியே" என்பார். என்ன சண்டை என்று கேட்கமாட்டார், புத்தி சொல்லமாட்டார். சுளகை வாங்கிக்கொண்டு முற்றத்திலேயே நிற்பார், நாட்டு விசயம் கதைப்பார், கடைசியில் "வா, அரிச்ச மாவைக் கொஞ்சம் பிடிச்சு விடு" என்று மனிசியையும் பிள்ளைகளையும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அந்த மனிசனால் அவருக்கு முன்னால் கை ஓங்க முடியாது, அவன் தாயின் செத்தவீட்டில் மூன்று நாள் சமைத்துப் போட்டவர் அவர்தான். அடுத்த நாள் காலையில் அவனுடைய வயதொத்த ஒருவர், பெரும்பாலும் அவனோடு கடலுக்குப் போகிறவர், கரையில் வைத்து அவனோடு கதைப்பார். அதையும் அக்காதான் சொல்லி ஏற்பாடு செய்வார்.

இதை நாங்கள் ஒரு மாதிரித் திட்டமாக எழுதி மேலே அனுப்பினோம். சுளகு இரவல் கேட்பதை எப்படி அளவிடுவது என்று திரும்பக் கேள்வி வந்தது.

ஆனால் அக்காமாரை நம்பி எல்லாவற்றையும் விட்டுவிட முடியாது, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஊருக்கு மிகவும் பிடித்த வேலை சேர்த்து வைப்பது. அடித்தவனையும் அடிபட்டவளையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி, பிள்ளைகளின் முகத்தைப் பார், ஊர் என்ன சொல்லும், அவன் குடித்தால்தானே அப்படி என்று சொல்லி அனுப்பிவிடும். கோவில் தர்மகர்த்தா செய்வார், பாதிரியார் செய்வார், சில இடங்களில் பொலிசே செய்யும். இப்படிச் சேர்த்து வைக்கப்பட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பாலியல் துன்புறுத்தல் என்றால் ஊர் இன்னும் மோசம், மௌனத்தை மானம் என்று சொல்லிவிடும். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இலிருந்து இருக்கிறது, நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம், அடித்தவனை வீட்டுப் பக்கம் வராமல் தடுக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் இதற்கென்றே நட்பு நிலையம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். அப்பக்கார அக்காவின் பெரிய கெட்டித்தனம் சுளகு அல்ல, எந்த வீட்டுக்குச் சுளகு போதாது என்று தெரிந்து வைத்திருந்ததுதான். கத்தி எடுக்கிறவன், கழுத்தை நெரிக்கிறவன், பிள்ளையில் கை வைக்கிறவன் என்றால் இரண்டாம் பேச்சு இல்லை, ஓட்டோ பிடித்துப் பெண்ணோடு தானும் ஏறிவிடுவார்.

கடன் பற்றியும் ஒரு வார்த்தை. யுத்தத்துக்குப் பிறகு வடகிழக்கில் நுண்கடன் கம்பனிகள் வீடு வீடாக வந்தன. கிழமைக் கட்டுக் காசு கட்டாவிட்டால் வசூலிக்கிற பெடியன் இருட்டும் வரை முற்றத்தில் இருப்பான், குழுவாக எடுத்த கடன் என்றால் மற்றப் பெண்களும் வந்து ஏசுவார்கள். அயலவர்களை ஒருவருக்கொருவர் காவலாளி ஆக்கிய ஏற்பாடு அது. தூக்குப் போட்டவர்களும் உண்டு. 2018இல் அரசாங்கம் ஒரு பகுதிக் கடனை ரத்துச் செய்தது. மனநலக் கிளினிக்கை விட ஒரு ஒழுங்கான சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் சில கிராமங்களில் அதிகம் பேரைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் வாள்வெட்டுப் பெடியன்களைப் பற்றிக் கேட்பார்கள். பொலிஸ் சுற்றிவளைப்பு, விசேட அதிரடிப்படை, மோட்டார் சைக்கிள் சோதனை எல்லாம் வருசா வருசம் நடக்கிறது. அந்தப் பெடியன்களுக்கு முன்னால் ஒரு தலைமுறை அண்ணன்மார் இல்லை. செத்தார்கள், காணாமற் போனார்கள், மிஞ்சியவர்கள் கப்பலும் விமானமும் ஏறினார்கள், அங்கிருந்து போனும் காசும் அனுப்புகிறார்கள். ஒரு வெட்டுக்குப் பதில் வெட்டு அன்றிரவோ அடுத்த நாளோதான் நடக்கும், அந்த இடைவெளியில் இரண்டு பக்கத்துக்கும் போகக்கூடிய ஒரு ஆள் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு சனசமூக நிலையத்தில் கரப்பந்தாட்டம் பழக்குகிற அண்ணை ஒருவர் அந்த ஆளாக இருந்தார், வெட்டுப்பட்டவனின் ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் நின்றபடியே வெட்டினவனின் அண்ணனுக்குப் போன் எடுப்பார். பொலிசுக்குச் சொல்லாமல் மறைக்கிறார் என்று அவர் மேலேயே ஒரு முறை விசாரணை வந்தது. அதற்குப் பிறகு அவர் கொஞ்சம் ஒதுங்கிவிட்டார்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிழக்கிலும் முல்லைத்தீவிலும் இறங்கிய ஆற்றுப்படுத்தல் படையை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பும் கோபமும் வரும். மொழி தெரியாதவர்கள், மூன்று நாள் பட்டறை, பொம்மை, போட்டோ. அந்த அலையில் நல்லதும் வந்தது, ஊர்களிலேயே ஆட்களை எடுத்துப் பயிற்றி மனநலக் கிளினிக்குகளோடு இணைத்தார்கள், மாவட்டங்களில் மனநல வைத்திய அதிகாரிகள் வந்தார்கள். நிலைத்தது அதுதான். அந்த ஊர்ப் பணியாளரின் சம்பளம் திட்டம் முடிய நின்றுபோகும், பிறகு இன்னொரு திட்டம் வரும், வேறு ஒருவரை எடுத்து முதலிலிருந்து பயிற்றும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பஸ் காசே இரட்டிப்பானபோது பலர் விட்டுவிட்டார்கள், இரண்டு பேர் கட்டாருக்குப் போனதாகக் கேள்வி.

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்பது, என்ன அனுப்பலாம் அக்கா என்று. கோபுரம் கட்ட அனுப்புகிற காசில் ஒரு துண்டு போதும். உங்கள் ஊர் மாதர் சங்கத்திலோ சனசமூக நிலையத்திலோ எல்லா வீட்டு முற்றத்துக்கும் போகக்கூடிய ஒரு ஆளைக் கேட்டுப் பிடியுங்கள், சாதி பார்த்துப் படலையில் நிற்கிற ஆள் வேண்டாம். அவருக்கு மாதச் சம்பளம், பஸ் காசு, போன் ரீலோட், இரவில் ஓட்டோ பிடிக்கக் கையில் கொஞ்சக் காசு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு உளவளத்துணையாளரோடு உட்கார்ந்து தன் மனதை இறக்கி வைக்க ஒரு நாள், அதற்கும் காசு வேண்டும், அப்பக்கார அக்காவுக்கு அது கிடைக்கவில்லை, அவருக்கு இப்போது நித்திரை வருவதில்லை. ஆறு மாதத்துக்கு அனுப்பிவிட்டு நிறுத்துவதென்றால் தொடங்க வேண்டாம். அறிக்கை, போட்டோ கேட்காதீர்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு, வீட்டில் வன்முறை என்றால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, மனநல உதவிக்கு 1926.